குறையாத கிண்ணம்

– கோட்டுக்குக் கீழ ஒரு நூல்கூட இறங்கலைக்கா. காலையில நான் போட்ட சாக்பீஸ் கோடு, தண்ணி அதே கோட்டுல நிக்குது.

– நல்லாக் குனிஞ்சு பாருடா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.

– கண்ணாடி மூக்குலதான் இருக்கு. இருபது வருஷமா துணியில கோடு போட்டு வெட்டுறவன் நான். ஒரு கிண்ணத்துல போட்ட கோடு எனக்குத் தெரியாதா?

– சரி, நகரு. எழுதிக்கிறேன். மணி நாலு. நாய். உள்ள போனது பூஜ்யம். வெளிய வந்தது பூஜ்யம்.

– அதையெல்லாமா எழுதுவாங்க?

– இருபத்தேழு வருஷம் பிரசவ வார்டு பார்த்தவ நான். உள்ள எவ்வளவு போச்சு, வெளிய எவ்வளவு வந்துச்சு, இந்த ரெண்டு கணக்கு இருந்தாப் போதும். ஆளைப் பார்க்காமலே உடம்பு எப்படி இருக்குன்னு சொல்லிடுவேன். கேட்டியா?

– கேட்டேன்க்கா. ஆனா நாய் டாக்டர் ஆறு மணி வரைக்கும்தான் கெடு குடுத்திருக்கார். அதுக்குள்ள ஒரு டம்ளராவது உள்ள போகலைன்னா திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வச்சு, காலுல ஊசி குத்தி, டிரிப்ஸ் ஏத்தணுமாம். வயித்துல தையல் போட்டு நாலு நாள்தான் ஆகுது, வெறும் வயிறு வெறும் குடல்னு இப்படியே விட்டா சிறுநீரகத்துக்கு ஆகாதுன்னுட்டார்.

– அதெல்லாம் எனக்கும் தெரியும். ஈறை அழுத்திப் பார்த்தியா?

– பார்த்தேன். அழுத்தின இடம் வெளுத்துட்டு உடனே சிவக்கணும்னார். இவனுக்கு நிதானமா, யோசிச்சு யோசிச்சு சிவக்குது.

– கழுத்துத் தோலைத் தூக்கி விட்டுப் பார்த்தியா?

– தூக்கி விட்டா நல்லா இஸ்திரி போட்ட துணி மாதிரி படியணும். படிய மாட்டேங்குது. மடிப்பு அப்படியே நிக்குது.

– இங்க வாடா ஸ்டெப்னி. ஐயோ, பார்க்கிற பார்வையைப் பாரேன். உன்னைப் பெத்தவளா நான்? என்னை ஏன்டா இப்படிப் பார்க்கிற? ஒரு வாய் குடிடா தங்கம்.

– நேத்துக் காலையில வீட்டுக்குக் கொண்டு வந்ததுலேர்ந்து இதேதான். எவர்சில்வர் கிண்ணத்துல வச்சேன், தையலை நக்காம இருக்கக் கழுத்துல மாட்டின அந்தப் புனல் இடிச்சு டங்குனு சத்தம் வந்துச்சு, பயந்துட்டான். பிளாஸ்டிக் கிண்ணம் மாத்தினேன். புனலையே சுத்தி ரெண்டு அங்குலம் வெட்டி, ஓரத்துக்கு மெத்துனு பட்டி வச்சுத் தச்சேன்.

– அதை மட்டும் அழகாத் தச்சிருக்க.

– ஐஸ் கட்டியைக் குடுத்தேன். முகர்ந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். உப்புப் போடாம கறி வேகவச்ச தண்ணியை வச்சேன். வாசம் மூக்கைத் துளைக்குது, எனக்கே ஒரு வாய் குடிக்கலாம்னு இருந்துச்சு. இவன் திரும்பிப் பார்க்கலை.

– நீ குடிச்சிட்டியா?

– ஒரே ஒரு வாய்.

– விளங்கிடும். ஊசி போடாத சிரிஞ்சுல எடுத்து வாயில பீய்ச்சினா என்ன?

– டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டார். புரை ஏறி நுரையீரல்ல இறங்கிடுமாம். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி, அவனாக் குடிக்கணும். இது மட்டும்தான் வழியாம்.

– அவனாக் குடிக்கிறவனா இருந்தா நாம ஏன் இப்படித் தரையில மண்டி போட்டுக்கிட்டு இருக்கோம்?

– கட்டில்லேர்ந்து என் வீட்டுக்காரி எழுதுற பலகையைத் தட்டுறா, இரு. என்ன எழுதியிருக்க? 'பயணிகளுக்கு ஓர் அறிவிப்பு. அடுப்பில் வைத்த பால் பொங்கிக்கொண்டிருக்கிறது.' ஐயையோ, அக்கா, பாலு.

– அணைச்சாச்சு, அணைச்சாச்சு. பாதிப் பாலு அடுப்புக்குத்தான். ஏம்மா, நாலு நாளா வாயைத் திறக்காம இருக்கிற, எழுதுறதாவது மனுஷங்க மாதிரி எழுதக் கூடாதா? பஸ் ஸ்டாண்டுல அறிவிப்புப் படிக்கிற மாதிரியே எழுதுறியே.

– அவளுக்கு அப்படித்தான்க்கா வருது. பதினாலு வருஷமா அந்த அறிவிப்புக் கூண்டுல உக்கார்ந்து அதையேதான் பேசுறா. கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட சம்மதம் சொன்னதே 'தங்கள் கோரிக்கை ஏற்கப்படுகிறது'ன்னுதான்.

– நல்ல குடும்பம். வீட்டுல பேச வேண்டியவ வாயை மூடியாச்சு. பேசாதவன் கழுத்துல ஒலிபெருக்கியைக் கட்டியாச்சு.

– சிரிப்பு காட்டாதக்கா. அவ சிரிக்கவும் கூடாது. குரல் நரம்புல ஆபரேஷன் ஆகியிருக்கு. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது, கனைக்கக் கூடாது. பத்து நாள் முழு மௌனம்னு அவ டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். இன்னைக்கு அஞ்சாவது நாள்.

– தெரியும்டா. அதுக்குத்தானே லீவு போட்டுட்டு வந்து உக்கார்ந்திருக்கேன். ரெண்டு நோயாளி, ஒரே நோட்டு. இந்தப் பக்கம் உன் பொண்டாட்டி, அந்தப் பக்கம் உன் நாய். அவ பக்கத்தைப் பாரு, கண்ணுல ஒத்திக்கலாம். காலையில ஒரு ஜக்கு காலி. மத்தியானம் ஒரு ஜக்கு காலி. ரெண்டு லிட்டர் குடிக்கச் சொன்னாங்க, நாலு மணிக்கே முடிச்சிட்டா. இவன் பக்கம்தான் முட்டை முட்டையா இருக்கு. ஒரு டஜன் தேறும்.

– அது எப்படிக்கா ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஆபரேஷன் அமையும்?

– என்னைக் கேளு. நீதானே அவ ஆஸ்பத்திரிக்குக் கட்டின பையைத் தரையில வச்ச? சாக்ஸ் ஒண்ணு வெளிய தொங்கினா அவன் முழுங்கத்தான் செய்வான். அவ கிளம்புறான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு சாக்ஸையாவது பிடிச்சு வச்சுக்கலாம்னு பார்த்திருக்கான்.

– அன்னைக்கு ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவுல ஷட்டில் பஸ் மாதிரி ஓடினேன். ஒரு இடத்துல 'கணவர்'னு கையெழுத்துப் போடணும், இன்னொரு இடத்துல 'உரிமையாளர்'னு போடணும். அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்.

– மாத்தின்னா?

– இவ ஃபாரத்துல 'உரிமையாளர்'. நாய் ஃபாரத்துல 'கணவர்'. நர்ஸ் படிச்சுட்டு என்னை மேலேயும் கீழேயும் பார்த்துச்சு.

– அவ தோளு குலுங்குது பாரு. சிரிக்காதம்மா. வாயைப் பொத்து, தலையணையைக் கடிச்சுக்கோ. தம்பி, இனிமே இவ முன்னாடி வாயைத் திறந்த, உனக்கும் பத்து நாள் மௌனம்தான்.

– சரிக்கா. ஆமா, இந்த ஜன்னலோரச் செடி என்ன இப்படி மஞ்சளடிச்சுப் போச்சு?

– நானும் பார்த்தேன். நான் வந்த அன்னைக்குப் பச்சைப் பசேல்னு இருந்துச்சு. வெயில் போதலைபோல. முதல்ல நாயைப் பாருடா, அப்புறம் செடியைப் பார்க்கலாம்.

– மணி நாலே கால். என்னம்மா? பலகையைக் குடு. 'நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் குடித்துவிடுவான்.' வேண்டாம். அந்தப் பேச்சே வேண்டாம்.

– அவ என்ன எழுதுறா?

– 'ஒரே ஒரு வார்த்தை. கிசுகிசுப்பாக.' அக்கா, நீ சொல்லு இவளுக்கு.

– கிசுகிசுக்கிறது பேசுறதைவிட மோசம், தெரியுமா? நரம்பை இழுத்துப் பிடிச்சு உரசும். ஆறிக்கிட்டு வர்ற புண்ணைக் கீறிவிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் ஆயுசுக்கும் கரகரன்னு ஒரு குரலோட கிடக்க வேண்டியதுதான். அந்தக் குரலை எந்தப் பஸ் ஸ்டாண்டுல வச்சுக்குவாங்க?

– ஏற்கெனவே மேனேஜர் ஒரு மெஷினை வாங்கி வச்சுக்கிட்டுக் காத்திருக்கார்க்கா. ஒண்ணாம் தேதி இவ குரல் வரலைன்னா மெஷின் பேசுமாம். நேத்து டெலிபோன்ல என்கிட்டயே நாசூக்காச் சொன்னார்.

– அதை ஏன்டா அவ முன்னாடி சொல்ற?

– அவளுக்குத் தெரியும். அதனாலதான் பயப்படுறா. அதனாலதான் நானும் பயப்படுறேன்.

– சரி சரி. மூக்கை உறிஞ்சாத, அவன் அவளையே பார்க்கிறான், நீ அவனையே பார்க்கிற. அவ குரல்தான் வேணும்னா போன்ல இருக்காதா? எதையாவது போட்டுக் காட்டு.

– நேத்தே போட்டுப் பார்த்துட்டேன். அவ எனக்கு அனுப்பின குரல் பதிவெல்லாம் எடுத்தேன். முக்காவாசி என்னைத் திட்டினது. 'இன்னும் கடையிலேயா உக்கார்ந்திருக்கீங்க'ன்னு ஆரம்பிச்சதும் இவன் நேரா கட்டிலுக்கு அடியில பூந்துட்டான்.

– உனக்குப் பதிலா அவன் ஒளிஞ்சிருக்கான், நன்றியுள்ள ஜீவன். திட்டாதது எதுவும் இல்லையா?

– தேடினேன். இல்லை.

– பதினாலு வருஷம் மைக்குல பேசினவ. பஸ் ஸ்டாண்டுல ஒரு பதிவு இருக்காதா?

– அடடே. டைம்கீப்பர்கிட்ட கேட்டா இருக்கும்க்கா. இவ கூண்டுக்கு எதிர்ல உக்கார்றவர். பஸ் வர்ற நேரம் போற நேரம் குறிக்கிறவர். இவனைக் குட்டியாக் கண்டெடுத்ததே அவர்தான். பழைய டயருக்குள்ள சுருண்டு கிடந்தான், அதான் ஸ்டெப்னின்னு பேரு வச்சார். இரு, போன் போடுறேன்.

– லவுட்ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கிறேன்.

– ஹலோ, டைம்கீப்பர் சார், நான் டெய்லர் பேசுறேன்.

– சொல்லுங்க டெய்லர் சார். மேடம் எப்படி இருக்காங்க? இங்க அவங்க இல்லாம ஒரே களேபரம். மாத்து ஆளு ஒருத்தரை உக்கார வச்சிருக்காங்க, அவர் அறிவிக்கிறதைக் கேட்டு ஜனங்க எதிர்ப்பக்கத்துப் பஸ்ல ஏறி உக்காந்துடுறாங்க. அதாகப்பட்டது, பஸ் கிளம்பினதுக்கு அப்புறம்தான் கிளம்பும்னு சொல்றார்.

– மேடம் நல்லா இருக்கா சார். ஸ்டெப்னிதான் தண்ணி குடிக்க மாட்டேங்குறான். நேத்துலேர்ந்து ஒரு சொட்டு இறங்கலை. ஆறு மணிக்குள்ள குடிக்கலைன்னா திரும்ப ஊசிக்குக் கொண்டுபோகணும். மேடம் குரல்ல ஏதாவது பதிவு இருக்கா?

– இருக்கே. போன வருஷம் மழையில ரோடெல்லாம் அடைச்சுக்கிட்டப்போ, ஒரே அறிவிப்பை நாள் முழுக்கச் சொல்லி மேடத்துக்குத் தொண்டை கட்டிச்சு. நான்தான் ஒரு தடவை பதிவு பண்ணித் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். அப்பவே சொன்னேன், தொண்டையை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு. போனை ஸ்பீக்கர்கிட்ட பிடிக்கிறேன், நீங்க போனைத் தரையில வையுங்க. ரைட்?

– ரைட் சார். வச்சாச்சு.

– 'பயணிகள் கவனிக்கவும். மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய பேருந்துகள் கனமழை காரணமாகத் தாமதமாகப் புறப்படும். ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

– அக்கா, காது. அவன் காதைப் பாரு.

– பார்த்தேன். எந்திரிக்கிறான். மெதுவாடா, மெதுவா, தையல் இருக்குடா கண்ணா. நீ பிடிக்காத தம்பி, அவனா வரட்டும்.

– வர்றான். கிண்ணத்துக்கு நேராப் போறான். அக்கா, வாலு ஆடுது.

– பேசாம இரு.

– குனியுறான்.

– பேசாம இருன்னு சொன்னேன்ல.

– நின்னுட்டானே. ஏன் நின்னுட்டான்? கிண்ணத்துக்கு மேல புனலை வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான். ஏன்டா என்னைப் பார்க்கிற?

– உன்னை இல்லடா. உனக்குப் பின்னாடி. கட்டில்ல உக்கார்ந்திருக்கிறவளைப் பார்க்கிறான்.

– டெய்லர் சார், என்ன ஆச்சு? குடிச்சானா?

– கிண்ணம் வரைக்கும் வந்துட்டான் சார். வந்து நின்னுக்கிட்டு இவளையே பார்க்கிறான்.

– மேடம் குடிச்சாச்சா?

– என்னது?

– மேடம் குடிச்சாச்சான்னு கேக்கிறேன். இங்க எப்பவும் அப்படித்தானே. மேடம் அறிவிப்பு முடிச்சு மைக்கை அணைச்சதும் ஃப்ளாஸ்க் மூடியில ஒரு வாய் தண்ணி குடிப்பாங்க. தினமும் கூடவே வர்ற இவனும் மேசைக்கு அடியில ஒரு வாய் நக்குவான். குட்டியிலேர்ந்து இதே பழக்கம். அவங்க குடிக்கிற வரைக்கும் கிண்ணத்துல மூக்கை வச்சுக்கிட்டுக் காத்திருப்பான். அதாகப்பட்டது, அவங்க முதல்ல, அப்புறம்தான் இவன். ஒரு நாளைக்கு நூத்திப் பத்து அறிவிப்பு, நூத்திப் பத்து வாய். எண்ணிப் பார்த்தவன் நான். உங்க வீட்டுல யாரும் கவனிச்சதில்லையா?

– இல்லையே சார்.

– வீட்டுல இருக்கிறவங்களுக்கு அப்படித்தான், கண்ணுக்குப் படாது. சரி, பஸ் ஒண்ணு உள்ள வருது, நான் குறிக்கணும். மேடத்தை ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்க, எல்லாம் ஓடிடும். ரைட்.

– ரைட் சார். வச்சுடுறேன். கேட்டியா அக்கா? இவ்வளவுதான் விஷயம். ஒரு டம்ளர் தண்ணிக்கு நாம நேத்துலேர்ந்து தலைகீழா நின்னுக்கிட்டு இருக்கோம்.

– இரு, சந்தோஷப்படாத. அவ ஜக்கு ஜக்காத்தான் குடிக்கிறாளே? அவன் இங்கயேதானே கிடக்கான்? அப்பல்லாம் குடிச்சிருக்கணுமே.

– அறிவிப்பு இல்லாம அவனுக்குப் புரிஞ்சிருக்காது. இப்ப புரிஞ்சிடும். இந்தா, டம்ளரைப் பிடி. நல்லா அவனுக்குத் தெரியுற மாதிரி ஒரு வாய் குடி. ஏன் தலையை ஆட்டுற? அவனுக்காகத்தானே? குடி.

– குடிச்சிட்டாளா?

– குடிச்சிட்டா. டேய் ஸ்டெப்னி, பார்த்தியா, அவ குடிச்சிட்டா. இப்ப நீ. என்னக்கா இது, திரும்பிப் போறான். பாயில போய்ப் படுத்துக்கிட்டான்.

– தம்பி.

– இதுக்கு மேல என்னக்கா செய்யறது? மணி அஞ்சாகப் போகுது. வண்டிக்குச் சொல்லிடட்டுமா?

– தம்பி, கொஞ்சம் வாயை மூடு. இவ குடிக்கலை.

– இப்பதானே டம்ளரைத் தூக்கினா.

– தூக்கினா. உதட்டுல வச்சா. முழுங்கினா கழுத்து ஒரு தடவை ஏறி இறங்கணும். இறங்கலை. நாய்க்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலைன்னா நான் என்ன நர்ஸு? டம்ளரைக் காட்டும்மா. பாரு, வச்சது வச்சபடி இருக்கு.

– ஏன்மா? அவனைப் போய் ஏமாத்தலாமா?

– அவனை மட்டுமா ஏமாத்தியிருக்கா? நீ அந்தச் செடிச் சட்டியைத் தூக்கு.

– எந்தச் சட்டி? இதுவா? ஐயோ, என் முழங்கால் நனைஞ்சு போச்சு. அடியில வச்ச தட்டு ரொம்பி வழியுதுக்கா. மண்ணு சேறாக் கிடக்கு.

– அதுதான் என் ரெண்டு ஜக்கு. நான் காலையில எழுதினது, மத்தியானம் எழுதினது, நேத்து எழுதினது, முந்தாநாள் எழுதினது, எல்லாம் அந்தச் சட்டிக்குள்ள இருக்கு. இருபத்தேழு வருஷம். ஜக்கைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கலை. இப்பப் பார்க்கிறேன். உதடு வெடிச்சிருக்கு. கண்ணு உள்ள போயிருக்கு. நாய் ஈறை நாள் முழுக்க அழுத்திப் பார்க்கச் சொன்னேனே தவிர, இவ கையை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலை.

– நீ அழாதக்கா.

– நான் அழலை. இங்க காத்து வருது.

– ஏன்மா இப்படிப் பண்ணின? எழுது. மெதுவா எழுது, நான் படிக்கிறேன். 'வீட்டுக்கு வந்த அன்னைக்குக் குடிச்சேன். புரை ஏறிடுச்சு. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க, அண்ணி குளிச்சுக்கிட்டு இருந்தாங்க.' சரி, அழி, இந்தப் பக்கம் எழுது. 'அஞ்சாறு தடவை இருமிட்டேன். உள்ள ஏதோ கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு. இருமவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். யார்கிட்டயும் சொல்லப் பயமா இருந்துச்சு. இன்னொரு தடவை இருமினா குரல் போயிடும்னு தண்ணியைக் கண்டாலே நடுக்கம்.' அடி பைத்தியம்.

– வேற என்ன எழுதுறா?

– 'வாழைப்பழம் மசிச்சுக் குடுத்தா இறங்குது. கூழா எது குடுத்தாலும் இறங்குது. தண்ணிதான் வேற வழியில போகுது. நீங்க ரெண்டு பேரும் இவனைப் பார்க்கவே நேரம் சரியா இருந்துச்சு. நானும் ஒரு தொந்தரவா எதுக்குன்னு.' அக்கா, பார்த்தியா, இது அறிவிப்பு மாதிரி இல்லை. பேசுற மாதிரியே எழுதியிருக்கா.

– பார்த்தேன். கூழு இறங்குது, தண்ணி புரை ஏறுதுன்னா, ஆபரேஷன் அப்போ உள்ள குழாய் விட்டிருப்பாங்க, தொண்டை வீங்கி மரத்திருக்கும். தண்ணி வேகமா ஓடுறதுக்கு அது ஈடு குடுக்கலை. எத்தனை பேருக்குப் பார்த்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை எழுதிக் காட்டியிருந்தா முதல் நாளே சரி பண்ணியிருப்பேன். தம்பி, ஒரு ஸ்பூன் கொண்டா. சின்னது.

– அக்கா, வேண்டாம். திரும்ப இருமினா?

– இரும மாட்டா. நான் இருக்கேன்ல. அம்மாடி, இங்க பாரு. நிமிர்ந்து உக்காரு. முதுகுக்குத் தலையணையை வை தம்பி. எல்லாரும் தண்ணி குடிக்கும்போது அண்ணாந்து குடிப்பாங்க, அதான் நேரா மூச்சுக்குழாய்ப் பக்கம் ஓடும். நீ தாடையை இறக்கி நெஞ்சுல வை. கோவிச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சுக்குவல்ல, அது மாதிரி.

– அது அவளுக்கு நல்லா வரும்.

– நீ சும்மா இரு. வாயில வாங்கிக்கோ, உடனே முழுங்காத. கொஞ்சம் வச்சுக்கோ. இப்பக் குனிஞ்சபடியே ஒரே முழுங்கு. கையைப் பிடிச்சுக்கோ, பயப்படாத. ம்.

– கழுத்து ஏறிச்சு.

– இறங்கிச்சா?

– இறங்கிடுச்சுக்கா. இருமலை. கண்ணை இறுக்கி மூடியிருக்கா, ஆனா இருமலை.

– கண்ணைத் திறம்மா. அவ்வளவுதான். போச்சு, உள்ள போயிடுச்சு. குரல் எங்கேயும் போகலை, பத்திரமா இருக்கு.

– அக்கா. பின்னாடி பாரு.

– என்ன?

– எந்திரிச்சுட்டான்.

– அவளுக்கு இன்னொரு ஸ்பூன் குடு. சீக்கிரம். தாடையைக் குனிஞ்சுக்கோம்மா. ம், முழுங்கு.

– குடிக்கிறான். அக்கா, குடிக்கிறான், நாக்கு சத்தம் கேக்குதா? சளப்பு சளப்புனு கேக்குதா? ஒரு நூல் இறங்கிடுச்சு. கோட்டுக்குக் கீழ நல்லா ஒரு நூல் இறங்கிடுச்சு.

– நிறுத்திட்டானே?

– இவ நிறுத்திட்டா, அதான் நிறுத்திட்டான். மூக்குல தண்ணி சொட்டச் சொட்ட நிமிர்ந்து இவளையே பார்க்கிறான். மேஸ்திரி மாதிரி நிக்கிறான் பாரு. ஒரு ஸ்பூன்கூட விட மாட்டான்போல.

– இவ ஒரு வாய், அவன் ஒரு வாய். எழுதிக்கிறேன், இரு. இந்தத் தடவை ஆளைப் பார்த்துத்தான் எழுதுவேன். உன் பக்கத்துல எழுதியிருந்த ரெண்டு லிட்டரையும் அடிச்சாச்சு. அதைச் செடிப் பக்கத்துல எழுதிக்கலாம்.

– செடிக்கும் ஒரு பக்கமா?

– மூணு நோயாளி ஆயிடுச்சே. அதை வெயில்ல தூக்கி வை, முதல்ல அது வடியட்டும். ஏம்மா, நாளைக்குக் காலையில உன் டாக்டர்கிட்ட இருமினதைச் சொல்லிடணும். நானே வந்து சொல்றேன். இனிமே ஒளிக்கிற வேலை கிடையாது, கேட்டியா?

– தலையை ஆட்டுறா. இரு, எழுதுறா. 'அண்ணிக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

– வருத்தமெல்லாம் இருக்கட்டும், வாயைத் திற. அஞ்சாவது ஸ்பூன்.

– ஆறாவது.

– ஆறாவது. அவனுக்குப் போதும் தம்பி, கிண்ணத்தை எடு. ஒரேயடியாக் குடிச்சா வாந்தி எடுப்பான், தையல் தாங்காது. ரெண்டு பேருக்கும் கால் மணி இடைவெளி விட்டு அடுத்த சுத்து.

– கிண்ணத்தை விட மாட்டேங்குறான்க்கா. பல்லால பிடிச்சு இழுக்கிறான்.

– நேத்துலேர்ந்து கெஞ்சினோம், இப்ப இழுக்கிறானா? விடுடா திருடா.

– மூணாவது சுத்தும் முடிஞ்சுதுக்கா. இந்தா, போன் அடிக்குது. நாய் டாக்டர். மணி ஆறாயிடுச்சா அதுக்குள்ள?

– எடு, எடு. லவுட்ஸ்பீக்கர்ல போடு, இவளும் கேக்கட்டும்.

– ஹலோ டாக்டர்.

– ஆறு மணி ஆச்சுங்க. ஊசி, பாட்டில் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். நாயைக் கொண்டு வர்றீங்களா, இல்ல குடிச்சிடுச்சா?

– மூணு சுத்து ஆச்சு டாக்டர். கோட்டுக்குக் கீழ ஒண்ணே கால் அங்குலம் இறங்கியிருக்கு. இப்பதான் வாசல்ல போய் ஒண்ணுக்கும் இருந்துட்டு வந்தான்.

– எழுதிக்கிட்டேன்னு சொல்லு, அதையும் எழுதிக்கிட்டேன்னு சொல்லு.

– யாரு பக்கத்துல?

– எங்க அக்கா டாக்டர். நர்ஸு.

– அதான் பார்த்தேன். ஈறு பார்த்தீங்களா?

– அழுத்தி எடுத்ததும் பட்டுனு சிவக்குது டாக்டர். யோசிக்கிறதே இல்லை.

– அப்பக் கவலை இல்லை, கொண்டு வர வேண்டாம். நாளைக்குத் தையலை மட்டும் காட்டுங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க, எப்படி வழிக்குக் கொண்டு வந்தீங்க? இங்க இன்னும் ரெண்டு நாய் இதே மாதிரி அடம் பிடிக்குது, நானும் என்னென்னமோ செஞ்சு பார்த்துட்டேன். அவனை எப்படிக் குடிக்க வச்சீங்க?

– நாங்க எங்க டாக்டர் அவனைக் குடிக்க வச்சோம்? அவன்தான் என் வீட்டுக்காரியைக் குடிக்க வச்சான்.